7 பேர் குடும்பத்துக்குப் பழைய சொகுசு எஸ்யூவி: 35 லட்சத்துக்குள் எதை நம்பி வாங்கலாம்?

நொய்யல்கரை:

வணக்கம். கோவையில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் இருப்பது 2012 இன்னோவா, 2,10,000 கி.மீ. ஓடிவிட்டது. இதுவரை ஒரு நாள்கூட வழியில் நிறுத்தியதில்லை, அதை விற்க மனசே வரவில்லை. ஆனால் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, நீண்ட பயணத்தில் குலுக்கல் தாங்க முடியவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை குலதெய்வம் கோயிலுக்குத் திருச்செந்தூர் பக்கம் போகிறோம், போக மட்டும் ஏழெட்டு மணி நேரம். போன முறை திரும்பி வந்து இறங்கும்போது அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அடுத்த பயணத்துக்குள் நல்ல வண்டி ஒன்று வேண்டும்.

ஆள் கணக்கு: நான், மனைவி, அப்பா, அம்மா, மாமியார், 11 வயதுப் பெண், 6 வயதுப் பையன். ஏழு பேரும் உட்கார வேண்டும், மூன்றாவது வரிசை பேருக்கு இருக்கக் கூடாது. கையில் 35 லட்சம் வரை இருக்கிறது. இந்தப் பணத்துக்குப் புதிதாக என்னென்ன வரும் என்று தெரியும், ஆனால் பழைய சந்தையைப் பார்த்தால் ஒரு காலத்தில் 70, 80 லட்சம் போன வண்டிகள் இந்த விலைக்கு நிற்கின்றன. ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

இப்போது கண்ணில் பட்டிருப்பது மூன்று. சென்னைப் பதிவில் 2017 மெர்சிடஸ் ஜிஎல்எஸ் 350டி, இரண்டாவது ஓனர், 36 கேட்கிறார்கள். டெல்லிப் பதிவில் 2016 ஆடி க்யூ7 டீசல், 24 லட்சம்தான், படத்தில் பளபளவென்று இருக்கிறது. ஈரோட்டில் ஒரு குடும்பத்திடம் 2017 வால்வோ எக்ஸ்சி90 டீசல், ஒரே ஓனர், 58,000 கி.மீ., 30 சொல்கிறார்கள். தினசரி ஓட்டம் குறைவு, பள்ளிக்கூடம், கடை எல்லாம் 4 கி.மீ.க்குள். இதில் எது? இல்லை, எதுவுமே வேண்டாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இன்னோவா_பிரியன்:

எதுவுமே வேண்டாம் நண்பரே. இன்னோவா ஓட்டிப் பழகிய கைக்கு இந்த வண்டிகளின் பில் ஒத்துவராது. புது இன்னோவாவான ஹைகிராஸ் ஹைபிரிட் பாருங்கள், இல்லை பழைய ஃபார்ச்சூனர் பாருங்கள். நிம்மதியும் ஒரு சொகுசுதான்.

வால்பாறை_40:

மேலே சொன்னவர் சொல்வதில் பாதி சரி. ஃபார்ச்சூனர் உங்கள் தேவைக்குப் பொருந்தாது, ஏனென்றால் அது லேடர் ஃபிரேம் வண்டி, அதாவது லாரி போலத் தனிச் சட்டத்தின் மேல் உடலை உட்கார வைத்தது. உறுதி, மறுவிற்பனை எல்லாம் முதல் தரம், ஆனால் உங்கள் அம்மா தப்பிக்க நினைக்கும் அதே குலுக்கல் அதிலும் இருக்கும். ஏறுவதற்கும் உயரம். மூன்றாவது வரிசையில் தரை மேலே வந்துவிடுவதால் முழங்கால் நெஞ்சுக்கு வரும்.

என் கதையைச் சொல்கிறேன், வண்டியின் பெயர் வேண்டாம். நான்கு வருடத்துக்கு முன் ஐரோப்பிய ஏழு சீட்டர் ஒன்றை இரண்டாவது ஓனராக வாங்கினேன். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, மாதம் ஒரு முறையாவது அதில் ஏறி இறங்குகிறவன். முதல் நாள் ஏறியபோது பின்னால் பாட்டி தூங்கிக்கொண்டே வந்தார், அந்தச் சந்தோஷத்தை எந்த விலைக்கும் விட மாட்டேன். எட்டாவது மாதம் ஒரு நாள் காலையில் போர்ட்டிகோவுக்கு வந்து பார்க்கிறேன், வண்டியின் முன் இடது மூலை மட்டும் சரிந்து, டயர் மட்கார்டுக்குள் புகுந்து கிடக்கிறது. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றால் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் பலூன் விரிசல் விட்டு ராத்திரியெல்லாம் காற்று கசிந்திருக்கிறது. அது பல வாரமாகவே மெல்லக் கசிந்திருக்க வேண்டும், அந்தக் குறையை ஈடுகட்டக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் இடைவிடாமல் ஓடி அதுவும் தேய்ந்துபோயிருந்தது. முன்பக்கம் இரண்டு பலூன், கம்ப்ரஸர், கூலி எல்லாம் சேர்த்து 3 லட்சத்துக்கு மேல் போனது.

இதில் எனக்குப் புரிந்த விஷயம் ஒன்றுதான். வண்டியின் விலை வருடா வருடம் இறங்குகிறது, அதன் பாகங்களின் விலை இறங்குவதே இல்லை. நீங்கள் 30 லட்சம் கொடுத்தாலும் அது 70 லட்சம் வண்டிதான், கேட்கும்போது அந்தக் கணக்கில்தான் கேட்கும். அதனால் 35 லட்சம் இருக்கிறது என்றால் 28-க்கு வண்டி பாருங்கள். மிச்சம் 7 லட்சத்தைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு, அது வண்டியுடையது என்றே வையுங்கள். 36 சொல்லும் ஜிஎல்எஸ் அந்தக் காரணத்தாலேயே உங்களுக்கு எட்டாது. வண்டியில் குறை என்று சொல்லவில்லை.

நான் விற்கவில்லை, இன்னும் அதையேதான் ஓட்டுகிறேன். ஆனால் அந்த 3 லட்சம் அன்று கையில் இருந்திருக்காவிட்டால் வண்டி பட்டறையில்தான் கிடந்திருக்கும்.

திருப்பூர்_குடும்பஸ்தன்:

டெல்லி வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பாதி வழி போய்த் திரும்பியவன் நான்.

அந்த விலைக்குக் காரணம் இருக்கிறது. டெல்லி சுற்று வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் ஓடக் கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது, ஆனாலும் அங்கே இருப்பவர்களுக்குப் பயம் போகவில்லை, பழைய டீசலைத் தள்ளிவிடத்தான் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்த 10 வருடக் கட்டுப்பாடு கிடையாது, அதனால் இங்கே கொண்டுவந்தால் லாபம் என்று தோன்றும்.

ஆனால் கணக்குப் போடுங்கள். அங்கே ஆர்டிஓவில் ஆட்சேபணை இல்லை என்ற சான்று (என்ஓசி) வாங்க வேண்டும், அதுதான் படிவம் 28. லோன் இருந்தால் பேங்க் கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம், அதற்கு இங்கே மறுபடி வரி. அந்த வரி நீங்கள் கொடுத்த 24 லட்சத்துக்கு இல்லை. வண்டி புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதிலிருந்து, வயதுக்கு ஏற்பக் குறைத்துப் போடுவார்கள். அந்த க்யூ7 2015 டிசம்பரில் இங்கே வந்தபோது ஆரம்ப விலையே 72 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம், இதை வைத்துப் பழைய வண்டிக்கும் எந்த அளவில் வரும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். டெல்லியில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், கேட்டு வாங்குவதற்குள் அலைச்சல். வண்டியை ஓட்டி வரும் செலவு, எஞ்சின் நம்பர் சரிபார்க்க ஆர்டிஓ ஆபீஸ் நடை, எல்லாம் சேர்த்தால் இங்குள்ள விலைக்கும் அதற்கும் வித்தியாசம் ரொம்பவே சுருங்கிவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம், அந்த வண்டி யாரிடம் வளர்ந்தது என்று தெரியாது. ஈரோடு வண்டி என்றால் இரண்டு மணி நேரத்தில் போய் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம்.

பட்டறை_அண்ணன்:

18 வருடமாகப் பல கம்பெனி வண்டிகளைப் பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள் தம்பி.

முதலில் டேப் எடுத்து வீட்டு கேட்டையும் போர்ட்டிகோவையும் அளந்துவிடுங்கள். உங்கள் இன்னோவா 4.58 மீட்டர் நீளம். க்யூ7 5.05, ஜிஎல்எஸ் 5.13, எக்ஸ்சி90 4.95. அகலமும் அப்படித்தான், பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்தால் 2.1 முதல் 2.2 மீட்டர் வரை வரும். வாங்கிக்கொண்டு வந்த பிறகு கேட்டை இடித்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து, வண்டியைப் பார்க்கப் போகும் நேரம். காலை 6 மணிக்குப் போங்கள், முன்தினம் இரவே வந்து எடுக்காமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஏர் சஸ்பென்ஷன் வண்டி என்றால் ராத்திரி முழுக்க நின்ற பிறகு நான்கு சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் வைத்துப் பாருங்கள். மூன்றில் நாலு விரல் போய், ஒன்றில் இரண்டு விரல்தான் போகிறது என்றால் அங்கே காற்று போகிறது. அப்புறம் ஸ்டார்ட் செய்து, உயரத்தை ஏற்றும் பட்டனைப் போட்டு, எத்தனை நொடியில் ஏறுகிறது, கம்ப்ரஸர் சத்தம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். முனகிக்கொண்டே வெகுநேரம் ஓடினால் அதற்கு ஆயுள் முடிகிறது. சந்தேகம் இருந்தால் லிஃப்டில் ஏற்றிப் பலூன் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தால் போதும், கசிவு இருந்தால் குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். காலையில் போவதில் இன்னொரு லாபம், குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யலாம். போய்ச் சேரும்போது பானெட் சூடாக இருந்தால், உங்களுக்காக முன்னாலேயே ஓட்டி வைத்திருக்கிறார்கள், காரணம் கேளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று ஆரம்பிக்கும் எழுத்து வரிசை இருக்கும், அதன் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் தயாரித்த டயர். 58,000 ஓடிய வண்டியில் இன்னும் 2017 டயரே இருந்தால், தரையில் படும் ரப்பர் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும், நாலையும் மாற்ற வேண்டும். அதை விலையில் கழியுங்கள். மீட்டர் 40,000 காட்டி, டயரின் வருடம் வண்டியின் வருடத்தைவிட ரொம்பப் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள், சரியான பதில் இல்லாவிட்டால் மீட்டரையே சந்தேகப்படுங்கள்.

எஞ்சின் விஷயம். ஜிஎல்எஸ் 350டி-யில் இருப்பது 3 லிட்டர் வி6, அதாவது ஆறு சிலிண்டர் வி வடிவில் நிற்பது, நல்ல உழைப்பாளி. அதில் ஆயில் கூலர் சீல் பழசானால் எண்ணெய் கசியும். சீல் விலை பெரிதில்லை, ஆனால் அது வி-க்கு நடுப் பள்ளத்தில் டர்போவுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. மேலே உள்ளதையெல்லாம் பிரித்தால்தான் கை போகும், கூலிதான் செலவு. எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் பெல் ஹவுசிங் பக்கம் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று கீழே இருந்து பாருங்கள். க்யூ7-இல் இருக்கும் 8 கியர் பெட்டி இசட்எஃப் கம்பெனியின் தயாரிப்பு. அந்தக் கியர் பெட்டி எண்ணெயை மாற்றவே வேண்டாம் என்று பலர் சொல்வார்கள், ஆனால் தயாரித்த இசட்எஃப்பே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. மாற்றிய பில் இருந்தால் அந்த ஓனர் அக்கறையானவர் என்று அர்த்தம். எக்ஸ்சி90 டீசல் 2 லிட்டர் நாலு சிலிண்டர், எஞ்சினின் உள் அசைவுகளை ஒத்துப்போக வைக்கும் டைமிங் பெல்ட் உள்ளது. அது அறுந்தால் எஞ்சினே போச்சு. கி.மீ. குறைவு என்று விட்டுவிடாதீர்கள், பெல்ட் வருடக் கணக்கிலும் மாற்ற வேண்டியது.

தினசரி 4 கி.மீ. ஓட்டம் என்றீர்கள், அதுதான் எனக்கு இடறுகிறது. இந்த டீசல் எஞ்சின்கள் சூடேறுவதற்குள் நீங்கள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் பார்ட்டிகுலேட் ஃபில்டர் உள்ள வண்டியில், குறிப்பாகப் புதிய மாசு விதிப்படி வந்த பிஎஸ்6 டீசலில், படிந்த கரியை எரித்துத் தள்ளச் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு நாள் பைபாஸில் அரை மணி நேரம் ஓட்ட முடியும் என்றால் டீசல் எடுங்கள். முடிந்தால் அந்த இன்னோவாவை விற்காமல் ஊருக்குள் அதையே ஓட்டுங்கள், இரண்டு வண்டிக்கும் நல்லது.

தாம்பரத்தான்:

சென்னைப் பதிவு என்றதும் உள்ளே வந்தேன். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இரண்டையும் எங்கள் தெருவில் நின்று பார்த்தவன். எத்தனை பெரிய வண்டிகள் கண்ணாடி வரை தண்ணீரில் நின்றன, அதெல்லாம் என்ன ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்? கழுவி, பாலிஷ் போட்டு, தண்ணீர் ஏறாத ஊர்களுக்கு விற்பனைக்குப் போனவையும் உண்டு.

வெளியே பார்த்தால் தெரியாது. சீட் பெல்டைக் கடைசி வரை இழுங்கள், முழுக்க. பெட்டிக்குள் எப்போதும் சுருண்டு கிடக்கும் அந்தக் கடைசி முழம் துணியை யாரும் கழுவுவதில்லை. அதில் காய்ந்த மண் கோடு, நிற மாற்றம் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். சீட்டைப் பின்னால் தள்ளி ரெயில் போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி குழிக்குள் கை விடுங்கள், கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். இந்த மாதிரி வண்டிகளில் சீட்டுக்கு அடியிலும் டிக்கி ஓரத்திலும் கன்ட்ரோல் யூனிட்கள் இருக்கும், ஈரம் பட்டால் இன்று வேலை செய்து ஆறு மாதம் கழித்துப் படுக்கும். இன்ஷூரன்ஸ் கிளைம் விவரத்தைப் பாலிசி நம்பரோடு கேட்டு வாங்குங்கள், தரத் தயங்கினால் அதுவே பதில்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. கிளைம் கேட்காததற்காக விற்கிறவருக்குக் கிடைத்த தள்ளுபடி (நோ கிளைம் போனஸ்) உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும். 5 வருடம் தாண்டிய வண்டிக்கு ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத பாலிசி) கொடுக்கப் பல கம்பெனிகள் யோசிக்கும். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான் வரும். இந்த வண்டிகளின் பம்பர் விலையைக் கேட்டுவிட்டு அந்தப் பாதியை யோசியுங்கள்.

வால்பாறை_40:

பேரம் பேசுபவருக்கு ஒரு தகவல். 2025 செப்டம்பர் 22-க்கு முன் பெரிய எஸ்யூவிக்கு ஜிஎஸ்டியும் கூடுதல் வரியான செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதம், இப்போது 40. புது வண்டி விலை இறங்கியிருக்கும்போது பழசு மட்டும் அதே விலைக்கு நிற்க முடியாது. இதைச் சொல்லியே பேசுங்கள்.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரமாக அலைந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

டெல்லி வண்டியை விட்டுவிட்டேன். சென்னை வண்டியை நேரில் போய்ப் பார்த்தேன். உள்ளே உட்கார்ந்ததும் மனசு போய்விட்டது, அவ்வளவு விசாலம், மூன்றாவது வரிசையில் நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் தாம்பரத்தான் சொன்னபடி நடு வரிசை பெல்டைக் கடைசி வரை இழுத்தேன். கடைசி ஒரு சாண் துணி மட்டும் தேயிலைக் கறை பட்ட மாதிரி, ஓரத்தில் மெல்லிய மண். கைவிரலில் தேய்த்தால் பொடியாக வந்தது. விற்றவர் குழந்தை ஏதோ கொட்டியது என்றார். பெட்டிக்குள் சுருண்டிருக்கும் இடத்தில் எப்படிக் கொட்டும் என்று கேட்டேன், பதில் இல்லை. வந்துவிட்டேன். நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் அன்றைக்கே டோக்கன் கொடுத்திருப்பேன்.

ஈரோடு வண்டிக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு காலை ஆறரைக்குப் போனேன். நாலு சக்கரத்திலும் இடைவெளி சமம். எஞ்சின் அணைத்ததும் வண்டி தானாகக் கொஞ்சம் கீழே இறங்குகிறது, அம்மா கைப்பிடியைப் பிடித்து ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்தார்கள், இறங்கும்போதும் அப்படியே. பெருந்துறை வரை போய் வந்தோம். "சாலை போட்டுவிட்டார்களா?" என்று கேட்டார்கள், அது நாங்கள் எப்போதும் போகும் அதே சாலை. மூன்றாவது வரிசை 170 செ.மீ. உயரம் வரை உள்ளவர்களுக்கு என்று வால்வோவே சொல்கிறது, பிள்ளைகள் இரண்டு பேரும் தாராளமாக இருந்தார்கள், பெரியவர்கள் ஐந்து பேருக்கும் முன் இரண்டு வரிசை போதும்.

சர்வீஸ் பில் ஒன்றுவிடாமல் ஃபைல் போட்டு வைத்திருக்கிறார் அந்தப் பெரியவர். குறை என்றால் டயர் நாலும் 2017, டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லை. அவரே ஒப்புக்கொண்டார். 27 லட்சத்து 25 ஆயிரத்துக்குப் பேசி முடித்திருக்கிறோம், மிச்சப் பணம் தனிக் கணக்கில். இன்னோவா விற்பனைக்கு இல்லை. பணம் கொடுக்கும் முன் கடைசியாக என்ன பார்க்க வேண்டும்?

பட்டறை_அண்ணன்:

நல்ல வண்டி, அதைவிட நல்ல ஓனர் கிடைத்திருக்கிறார் தம்பி.

அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு அபராதம் பாக்கி, லோன் பதிவு இரண்டையும் அன்றைக்கு ஒரு முறை புதிதாகப் பாருங்கள், போன வாரம் பார்த்தது கணக்கில்லை. லோன் முடித்திருந்தாலும் ஆர்சியில் ஹெச்பி, அதாவது பேங்க்கின் லோன் பதிவு, ரத்தாகாமல் இருக்கும், அதை அவரே முடித்துத் தர வேண்டும். படிவம் 29, 30 கையெழுத்தானதும் 14 நாளுக்குள் பெயர் மாற்றம் கொடுத்துவிடுங்கள், இன்ஷூரன்ஸும் அதே 14 நாளுக்குள். அவர் பெயரிலேயே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டாவது சாவியைக் கையில் வாங்குங்கள், வீட்டில் எங்கேயோ இருக்கும் என்றால் தேடி எடுக்கும் வரை உட்காருங்கள், இந்த வண்டிக்குப் புதுச் சாவி போடுவது சின்னச் செலவு இல்லை.

வண்டி வந்ததும் முதல் வேலை டைமிங் பெல்ட், கூடவே வாட்டர் பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். அடுத்தது டயர். திருச்செந்தூர் அதற்கு அப்புறம்தான். பஞ்சர் கடையில் ஜாக்கி வைக்கும் முன் திரையில் ஏர் சஸ்பென்ஷனை அணைக்கும் வழியை மேனுவலில் பார்த்து வையுங்கள், கடைக்காரருக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.